காலை நீச்சல் பேட்சுக்குத் தாமதமாக வருபவர்களை எப்படிச் சமாளிப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: 16 பேர் கொண்ட பேட்ச், எல்லோரும் முப்பதைத் தாண்டியவர்கள், போட்டிக்குப் போகிற ஆட்கள் கிடையாது, அதில் நான்கைந்து பேர் தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்தே வருகிறார்கள், அபராதம் போடலாமா, இல்லை 6.10க்கு மேல் வந்தால் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று சொல்லிவிடலாமா.

இரண்டும் வேண்டாம். புதுச்சேரியில் எங்கள் பேட்சில் இரண்டையும் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஒன்பது வருடமாகக் காலை 6 முதல் 7 வரை நீந்துகிறேன், அதில் கடைசி ஐந்து வருடமாக ஆள் சேர்ப்பது, கோச்சுக்குப் பணம் வசூலித்துக் கொடுப்பது, வாட்ஸ்அப் குரூப்பைப் பார்த்துக்கொள்வது எல்லாம் என் பொறுப்பு.

முதலில் அபராதம். தாமதமாக வந்தால் இருபது ரூபாய், உடை மாற்றும் அறைக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் டப்பா. முதல் வாரம் எல்லோரும் ஆறு மணிக்கு முன்னாலேயே வந்து நின்றார்கள், எனக்கும் சந்தோஷமாக இருந்தது. இரண்டாவது மாதம் ஒருவர் ஒன்றாம் தேதியே நூறு ரூபாய்த் தாளைப் போட்டு, "இந்த மாசத்துக்கு வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக 6.20க்கு வர ஆரம்பித்தார். முன்பு தாமதமானால் வரும்போதே ஒரு "ஸாரி" சொல்வார், அதுவும் நின்றுபோனது. எங்களோடு நீந்துகிற பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர் அப்போது சொன்னார், இது ஏற்கெனவே நடந்த கதை என்று. இஸ்ரேலில் ஹைஃபா நகரத்துக் குழந்தைகள் காப்பகங்களில், பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டுப் பார்த்தார்களாம். யூரி நீசி, ஆல்டோ ருஸ்டிச்சினி என்ற இரண்டு பேர் செய்த ஆய்வு, 2000-இல் வெளியானது. தாமதம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது, அபராதத்தை எடுத்த பிறகும் இறங்கவில்லை. பணம் கட்டியாயிற்று என்றதும் கூச்சம் போய்விடுகிறது. எங்கள் டப்பாவையும் எடுத்துவிட்டோம்.

அப்புறம் வந்தது 6.10 சட்டம். அதைக் கொண்டுவந்தது நான், அதனால் அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

அரியாங்குப்பத்திலிருந்து ஒரு அக்கா வருவார், ஐம்பத்திரண்டு வயது, இரண்டு முட்டியிலும் தேய்மானம். நடக்காதீர்கள், தண்ணீரில் பயிற்சி செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லி வந்தவர். கழுத்தளவுத் தண்ணீரில் நின்றால் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் காலில் இறங்கும், அதனால் நாளில் அந்த ஒரு மணி நேரம்தான் அவர் வலியில்லாமல் கால் அசைக்கிற நேரம். வீட்டில் மாமியார் படுக்கையில் இருக்கிறார். பார்த்துக்கொள்ளும் அம்மா வந்த பிறகுதான் இவர் கிளம்ப முடியும், அந்த அம்மா வருவதோ 5.45க்கு. கடலூர் சாலையில் ஏ.எஃப்.டி. ரயில்வே கேட் போட்டிருந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

சட்டம் வந்த மூன்றாம் நாள் 6.14க்கு வந்தார். நான் லேன் முனையில் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் தோளில் பையோடு நிற்கிறார், தலையில் கேப் கூடப் போட்டாயிற்று, வண்டியிலேயே போட்டிருப்பார் போல, அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடிக்க. கோச் என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையசைத்தேன். "சரிண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். மூன்று வாரம் வரவே இல்லை. போன் செய்தபோது, "உங்க ரூல் சரிதான்ண்ணே, நான்தான் அதுக்கு ஒத்து வரல" என்றார். அவர் திட்டியிருந்தால் கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. கால் வலிக்காக வந்தவரை நடக்க வைத்தே திருப்பி அனுப்பியிருக்கிறேன், 14 நிமிடத்துக்காக.

அதற்குப் பிறகுதான் கோச்சும் நானும் உட்கார்ந்து, ஒருவர் தாமதமாக வந்தால் மற்றவர்களுக்கு உண்மையில் என்ன நஷ்டம் என்று யோசித்தோம். 25 மீட்டர் குளத்தில் ஒரு லேனில் ஐந்து பேர், ஒரு ஓரமாகப் போய் மறு ஓரமாகத் திரும்பி வட்டமாக நீந்துகிறோம், ஒருவருக்கும் அடுத்தவருக்கும் பத்து விநாடி இடைவெளி. 50 மீட்டர் எட்டு தடவை, நடுவில் 15 விநாடி ஓய்வு என்று செட் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆறாவது ஆள் நடுவில் இறங்கினால் முழு லேனும் கலைந்துபோகும். கோச் அவருக்காக முதலிலிருந்து விளக்கினால் மற்றவர்கள் தண்ணீரில் சும்மா நிற்க வேண்டும். இன்னொன்று ஆபத்து. ஒரு தடவை அவசரமாக வந்த ஒரு தம்பி ஓடி வந்து அப்படியே குதித்துவிட்டார், அந்த லேனில் ஓய்வுபெற்ற ஒரு சார் பேக்ஸ்ட்ரோக்கில் வந்துகொண்டிருக்கிறார். மல்லாந்து நீந்துகிறவருக்கு எதிரே என்ன வருகிறது என்று எப்படித் தெரியும், தலைக்கு மேலே தொங்குகிற கொடியைப் பார்த்துத்தான் சுவருக்கு இன்னும் 5 மீட்டர் என்றே தெரிந்துகொள்வார். தம்பியின் முட்டி அவர் தோளில் இடித்து, இரண்டு வாரம் கையைத் தூக்க முடியவில்லை.

ஆக, பிரச்சினை கடிகாரத்தில் இல்லை, வந்த பிறகு எங்கே, எப்படி இறங்குகிறார் என்பதில்தான் இருக்கிறது. அதற்கு மட்டும் வழி செய்தோம். ஏணி இருக்கும் ஓரத்து லேனை முதல் 20 நிமிடம் கூட்டம் இல்லாமல் வைத்திருக்கிறோம், மெதுவாக நீந்தும் இரண்டு பேர் மட்டும் அதில் இருப்பார்கள். தாமதமாக வருபவர் கோச்சிடம் எதுவும் கேட்காமல் அந்த லேனில் இறங்கி, 200 மீட்டர் மெதுவாக நீந்தித் தோளைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். ஐம்பது வயதில் வார்ம் அப் இல்லாமல் நேராக வேகமாகக் கை வீசினால் தோள்பட்டை பேசும். கோச் எல்லோரையும் நிறுத்தி செட் மாற்றுவது 6.20க்கும் 6.40க்கும், தன் லேனுக்குப் போய்ச் சேர்வது அந்த நேரத்தில் மட்டும். அன்றைய செட் முழுதும் சுவரோரம் சாய்த்த வெள்ளைப் பலகையில் எழுதியிருக்கும், படித்துக்கொள்ளலாம். 7 மணி என்றால் 7 மணி, அடுத்தது பிள்ளைகள் பேட்ச், யாருக்காகவும் ஐந்து நிமிடம் நீட்டுவதில்லை. தாமதத்தின் நஷ்டம் அவரவருக்கே, பக்கத்து ஆளுக்குப் போகாது.

இரண்டு விஷயத்தில் மட்டும் நாங்கள் கறார். குதிக்கக் கூடாது, ஓரத்தில் உட்கார்ந்து, லேனில் இருப்பவர் பார்த்த பிறகு கால் முதலில் வைத்து இறங்க வேண்டும். அடுத்தது ஷவர். தாமதமானவர் முதலில் விடுவது அதைத்தான். குளத்தில் கண் எரிந்தால் குளோரின் கூடிவிட்டது என்று எல்லோரும் சொல்வோம், ஆனால் வியர்வையும் தலை எண்ணெயும் குளோரினோடு சேர்ந்து உண்டாகிற குளோரமைன்தான் அந்த நெடிக்கும் எரிச்சலுக்கும் காரணம். இன்னும் ஒரு நிமிடம் தாமதமானாலும் பரவாயில்லை, குளித்துவிட்டு வாருங்கள்.

எதிர்ப்பு வந்தது. "5.50க்கே வர்ற நாங்க நெருக்கியடிச்சு நீந்தணும், லேட்டா வர்றவங்களுக்குத் தனி லேனா?" என்று ஒருவர் கேட்டார், அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால்தான் 6.20க்கு மேல் அந்த லேனும் எல்லோருக்கும் பொது என்று மாற்றினோம். 5.50க்கு வந்துவிட்டு 6.10 வரை படியில் உட்கார்ந்து அரசியல் பேசுகிறவர்களும் உண்டு, அவர்களையும் ஓரத்து லேனுக்குத்தான் அனுப்புகிறோம்.

காரணம் கேட்பதைக் குரூப்பில் செய்யாதீர்கள். நாலு பேர் முன்னால் கேட்டால் யாரும் வீட்டு விஷயத்தைச் சொல்ல மாட்டார்கள். வண்டி எடுக்கும்போது தனியாக, "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேளுங்கள், போதும். ஒருவருக்கு ராத்திரி வேலை, காலையில் எழவே முடியவில்லை, கேட்ட பிறகுதான் தெரிந்தது, மாலை பேட்சுக்கு மாறிக்கொண்டார். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாங்கள் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

உங்கள் பேட்சில் இப்போதுதான் நீந்தக் கற்கிறவர்கள் இருந்தால் அவர்களுக்கு இது பொருந்தாது. மூச்சு விடுவது, மிதப்பது, உதைப்பது என்று ஒன்றின் மேல் ஒன்றாக வருவதால் முதல் பத்து நிமிடம் விட்டால் அடுத்தது புரியாது, கோச்சும் ஒவ்வொருவர் முதுகிலும் கை வைத்துச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. நாங்கள் அவர்களுக்கு மட்டும் தொடக்கத்தை 6.15க்குத் தள்ளிவைத்தோம், பாதித் தாமதம் அதிலேயே போய்விட்டது.

குரூப்பில் நான் போட்ட செய்தி இதுதான், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்: "எப்போது வந்தாலும் வாருங்கள். 6 மணிக்குப் பிறகு வந்தால் குளித்துவிட்டு ஓரத்து லேன், 200 மீட்டர், செட் மாறும்போது உங்கள் லேன். குதிக்க வேண்டாம். 7 மணிக்கு எல்லோரும் மேலே." அந்த அக்காவுக்கு இதைத் தனியாகவும் அனுப்பினேன். மறுநாள் 6.17க்கு வந்தார், இப்போதும் பெரும்பாலும் அந்த நேரம்தான்.