டாக்டருக்கும் ட்ரெயினிங்கா?

கேள்வி: நான் பொது மருத்துவத் துறைப் பேராசிரியர். கற்பிக்கும் முறைகள் பற்றி இரண்டு நாள் பயிலரங்கு, கட்டாயம் வரணும் என்கிறார்கள். இவ்வளவு காலம் வார்டில் சொல்லிக்கொடுத்தவனுக்கு இது தேவைதானா?

பதில்: போய்ட்டு வாங்க டாக்டர். உங்கள் அனுபவத்தைக் குறைத்துச் சொல்லவில்லை, சிக்கலே அந்த அனுபவத்தில்தான். நோயாளி கதவைத் தாண்டி உள்ளே வரும்போதே உங்களுக்குப் பாதி நோய் புரிந்துவிடுகிறது, எதை வைத்துப் புரிந்தது என்று கேட்டால் உங்களுக்கே சட்டென்று சொல்ல வராது, மாணவனுக்கு வேண்டியதோ அந்த 'எதை வைத்து' மட்டும்தான். மருத்துவ ஆசிரியர்களுக்கும் கற்பிக்கச் சொல்லித்தரணும் என்ற முயற்சியை 1950களிலேயே அமெரிக்காவின் பஃபலோவில் ஜார்ஜ் மில்லர் என்ற மருத்துவர் நடத்தினார். அவரே 1990-ல் நான்கு படிகள் கொண்ட ஒரு பிரமிடை வரைந்தார்: தெரியும், எப்படிச் செய்வதென்று தெரியும், செய்துகாட்ட முடியும், வேலையில் உண்மையாகவே செய்கிறான். நாம் ரவுண்ட்ஸில் கேட்கும் கேள்விகளை எண்ணிப் பாருங்கள், முக்கால்வாசி முதல் படியிலேயே நின்றுவிடும். 'இதற்குக் காரணங்கள் ஐந்து சொல்லு' வகை.

ஆனால் ஒன்று. பயிலரங்கு முடிந்து திங்கட்கிழமை வார்டுக்குள் நுழைந்தால் பழைய பழக்கம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் கேட்டதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சக ஊழியர் ஒருவரைக் கூப்பிட்டு, உங்கள் ரவுண்ட்ஸில் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று மட்டும் அவர் குறித்துத் தந்தால் போதும். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும், சான்றிதழை விட அதுதான் வேலை செய்யும்.

கேள்வி: ஓ.பி.யில் கூட்டம் நெரிகிறது. மாணவர்களுக்கு எங்கே சொல்லிக்கொடுப்பது?

பதில்: இதே புலம்பலுக்காகவே வந்ததுதான் 'ஒரு நிமிட ஆசிரியர்' முறை. 1992-ல் சியாட்டிலின் குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் எழுதியது. பெயரில்தான் ஒரு நிமிடம், நடைமுறையில் ஐந்து நிமிடம்கூட ஆகும், பரவாயில்லை. மாணவி வந்து "இடது கால் வீங்கியிருக்கு சார், வலிக்குதாம்" என்கிறாள். நாம் என்ன செய்வோம்? "டாப்ளர் எடு" (இரத்தக் குழாயைப் பார்க்கும் ஸ்கேன்) என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுவோம். வேலை முடிந்தது, அவள் ஒன்றும் கற்கவில்லை.

அதற்குப் பதில், "நீ என்னன்னு நினைக்கிறேம்மா?" என்று கேளுங்கள். தோலில் கிருமித்தொற்று என்பாள். சரி, எதை வைத்து? சிவந்திருக்கிறது, தொட்டால் சுடுகிறது. இப்போது அவள் யோசனை எங்கே நின்றது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒரே ஒரு பொது விதி சொல்லுங்கள்: ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால் ஆழ்சிரையில், அதாவது காலின் உள்ளே ஆழத்தில் ஓடும் இரத்தக் குழாயில், இரத்தம் உறைந்திருக்குமோ என்று யோசிக்காமல் விடக் கூடாது. இரண்டு கெண்டைக்காலையும் அளந்து பார்த்திருந்தால் அதைக் குறிப்பிட்டுப் பாராட்டுங்கள் ('குட்' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எது குட் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?). சமீபத்தில் அறுவை சிகிச்சை நடந்ததா, படுக்கையில் கிடந்தாரா என்று கேட்க விட்டதையும் சொல்லிவிடுங்கள். அவ்வளவுதான். எல்லா நோயாளிக்கும் இப்படிச் செய்யப் போனால் ஓ.பி. ராத்திரி வரை ஓடும், மாணவர் ஒருவருக்கு ஒரு கேஸ் போதும்.

கேள்வி: பயிற்சி மருத்துவர் ஒருவர் தொடர்ந்து தடுமாறுகிறார். எதாவது சொன்னால் கண் கலங்குகிறார். சொல்லாமல் விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. பாவம் பார்த்துப் பாஸ் போட்டு அனுப்பினால் விலை கொடுப்பது நோயாளி. தனியாக உட்காரவைத்துப் பேசுங்கள், நோயாளி முன்னால் வேண்டாம். 'நீ கவனமில்லாதவன்' என்பதற்கும் 'நேற்று மருந்தின் அளவைச் சரிபார்க்காமல் எழுதினாய்' என்பதற்கும் நிறைய தூரம் இருக்கிறது, இரண்டாவதைத் திருத்திக்கொள்ள முடியும். தூங்குகிறாரா, வேறு ஏதாவது கஷ்டமா என்றும் கேளுங்கள். மனச்சோர்வு மாதிரித் தெரிந்தால் வேறொரு மருத்துவரிடம் அனுப்புங்கள். உங்கள் மாணவருக்கு நீங்களே மருந்துச் சீட்டு எழுதாதீர்கள், தேர்வில் மதிப்பெண் போடப் போவதும் நீங்கள் என்றால் அவர் மனம் விட்டுப் பேசவும் மாட்டார். ஆதரவாக நிற்கிறவர் ஒருவர், மதிப்பிடுகிறவர் இன்னொருவர் என்று துறையிலேயே பிரித்துவிடுவது நல்லது. பேசியதை அன்றைக்கே எழுதி வையுங்கள்.

கேள்வி: மருத்துவக் கல்வியில் தனியாக முதுநிலைப் பட்டம் படிக்கலாமா?

பதில்: பாடத்திட்டம் வகுப்பது, தேர்வு அமைப்பது, கல்வி ஆய்வு என்று போகும் எண்ணம் இருந்தால் தாராளமாகப் படியுங்கள். பதவி உயர்வுக்கு மட்டும் என்றால் அந்த நேரத்தை வார்டில் மாணவர்களோடு செலவிடலாம்.