பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் போட்டால் பாதியில் நின்றுவிடுகிறது. பென் டிரைவ் மாற்றியும் சரியாகவில்லை. என்ன செய்வது?

இன்னொரு பென் டிரைவ் தேடுவதற்கு முன்னால் கேபினெட்டைத் திறந்து பாருங்கள். எனக்கு இதைச் சொல்ல ஆளில்லாமல் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

காசிமேட்டில் அக்கா வீட்டில் 2012-இல் வாங்கிய டெஸ்க்டாப். மூன்றாம் தலைமுறை ஐ3, 2 ஜிபி ராம் இரண்டு. விண்டோஸ் 10 போட்டால் ஒரு நாள் 34 சதவீதத்தில் நிற்கும், இன்னொரு நாள் 71-இல். தேவையான கோப்புகளை நிறுவ முடியவில்லை என்று, 70570 என முடியும் பிழை எண் வரும். படித்தால் ஐஎஸ்ஓ, அதாவது டவுன்லோடு செய்த விண்டோஸ் கோப்பு, கெட்டுவிட்டது என்றுதான் தோன்றும். நானும் திரும்பத் திரும்ப டவுன்லோடு செய்தேன். ஆனால் ஐஎஸ்ஓ கெட்டிருந்தால் அநேகமாக ஒரே இடத்தில்தான் நிற்கும். இடம் மாறி மாறி நின்றால் ராமைச் சந்தேகப்படுங்கள். விண்டோஸ் ஏறும்போது, சுருக்கி வைத்த கோப்புகளை ராமில் வைத்துத்தான் விரிக்கிறது. அங்கே ஒரு பிட் பிசகினாலும் கோப்பு கெட்டதாகவே கணக்கு.

ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ இலவசம். பென் டிரைவில் போட்டு அதிலிருந்து பூட் செய்தேன். சில நிமிடங்களிலேயே சிவப்பு வரிகள் ஓட ஆரம்பித்தன. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறந்தேன். கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. உப்புக்காற்றில் ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடித்திருந்தது. ராமைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், தங்க நிறத்தில் மின்ன வேண்டிய கால்கள் மங்கிப்போய், ஓரத்தில் நாலைந்து மட்டும் பச்சை பூத்திருந்தன. அக்கா மகளின் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தேன். ரப்பர் கறுத்தது, கால்கள் மின்னின. ஸ்லாட்டைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, இரு பக்கமும் கிளிக் என்று விழும்வரை அழுத்தினேன். இரவு முழுக்க டெஸ்ட் ஓடியது. ஒரு சிவப்புகூட இல்லை.

திறந்த கையோடு மதர்போர்டில் இருக்கும் பட்டன் செல்லையும் மாற்றிவிடுங்கள். சிஆர்2032, எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும். இதை ஓஎஸ் (விண்டோஸ் போன்ற இயங்குதளம்) போடுவதற்கு முன்பே செய்ய வேண்டும். செல் தீர்ந்திருந்தால் கரன்ட் போகும்போதெல்லாம் பயாஸ், அதாவது மதர்போர்டின் அடிப்படை செட்டிங், பழைய நிலைக்குப் போய்விடும். தேதி பல வருடம் பின்னால் போனால், ஓஎஸ் ஏறிய பிறகும் பிரவுசர் எந்தத் தளத்தையும் நம்பாது, அப்டேட்டும் இறங்காது. சில போர்டுகளில் ஹார்ட் டிஸ்க் செட்டிங்கும் ஏஹெச்சிஐ என்ற முறையிலிருந்து ஐடிஇ என்ற பழைய முறைக்கு மாறிவிடும். நேற்று வரை ஓடிய விண்டோஸ் இன்று நீலத் திரை காட்டும்.

ஹார்ட் டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் அதைப் பாருங்கள். மஞ்சளோ சிவப்போ காட்டினால் அதில் ஓஎஸ் போடவே வேண்டாம், சாட்டா எஸ்எஸ்டி வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க்கைப் பிரிக்கும் முறைகளான ஜிபிடி, எம்பிஆர் என்று தகராறு வந்தால், ரூஃபஸ் மென்பொருளில் பென் டிரைவ் தயாரிக்கும்போது தேர்ந்தெடுத்தது பயாஸில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்தால் போதும்.

பார்ட்டிஷன்களை அழிக்கும் கட்டம் வந்ததும் அக்கா, "டேய் தம்பி, கல்யாண போட்டோ எல்லாம் அதுலதான்டா இருக்கு" என்றாள். மாமா இப்போது இல்லை. அவர் இருக்கும் படங்கள் அவ்வளவுதான். டி டிரைவில் பத்திரமாக இருக்கும் என்று எண்ணாதீர்கள். எல்லாப் பார்ட்டிஷனையும் அழித்தால் டி-யும் சேர்ந்து போகும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டி, இரண்டு இடத்தில் காப்பி எடுத்து, அக்காவைத் திறந்து பார்க்கச் சொன்ன பிறகுதான் டெலீட்டை அழுத்தினேன். அப்புறம் நிற்காமல் ஏறியது. அதே கம்ப்யூட்டரில் முன்பே ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10 என்பதால் கீ கேட்ட இடத்தைத் தாண்டிவிட்டேன். இணையம் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிட்டது.

நீங்கள் இப்போது போடுவதாக இருந்தால் ஒன்று யோசியுங்கள். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கேட்கிறது, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அதனால் அக்கா வீட்டில் இப்போது விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலவச ஓஎஸ் போட்டிருக்கிறேன். 4 ஜிபி ராமுக்குத் தாராளம். அதன் தட்டச்சு வசதியான ஐபஸில் தமிழ்99 விசைப்பலகை சேர்த்துக் கொடுத்தேன், அக்கா மகள் பள்ளிக் கட்டுரைகளை அதில்தான் அடிக்கிறாள்.