சுவாசக் கருவியில் இருப்பவரை விட்டு ஓடுவதா?

கேள்வி: தீவிர சிகிச்சைப் பிரிவொன்றில் தாதிய உத்தியோகத்தராகக் கடமையாற்றுகின்றேன். ஆயுததாரி எவரும் வைத்தியசாலைக்குள் நுழைந்தால் முதலில் ஓடுங்கள், இயலாவிட்டால் ஒளியுங்கள், வேறு வழியே இல்லாதபோது எதிர்த்துப் போராடுங்கள் என்று பயிற்சியொன்றில் கற்பித்தார்கள். செயற்கைச் சுவாசத்தில் இருப்பவரை விட்டு எப்படி ஓடுவது?
வாசகி, திருகோணமலை

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. அந்த மூன்று படிகளும் அலுவலகம், கடைத்தொகுதி போன்ற, எழுந்து நடக்கக்கூடியவர்கள் கூடும் இடங்களுக்காக அமெரிக்காவில் வகுக்கப்பட்டவை. வெளிநோயாளர் பிரிவுக்கும் மருந்தகத்துக்கும் அவை பொருந்தும். அங்கிருப்பவர்கள் நடக்கக்கூடிய நோயாளிகளையும் அழைத்துக்கொண்டு வெளியேறுவதே சரி. தீவிர சிகிச்சைப் பிரிவு, சத்திரசிகிச்சைக்கூடம் ஆகியவற்றுக்கு வேறு ஒழுங்கு வேண்டும் என 2018இல் 'நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின்' சஞ்சிகையில் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் எழுதினார்கள்: இடத்தை உடனே அடைத்துக்கொள்ள வேண்டும், உள்ளே நோயாளியின் உயிரையும் தம் உயிரையும் காத்துக்கொள்ள வேண்டும், போராட்டம் கடைசி வழி மாத்திரமே.

ஆகவே எல்லாம் கதவில்தான் தங்கியிருக்கிறது. உங்கள் பிரிவின் கதவை உள்ளிருந்து பூட்ட முடியுமா, இரவுக் கடமையில் திறப்பு யாரிடம் இருக்கிறது என்ற இரண்டையும் நாளைக்கே விசாரியுங்கள். திறப்பு யாருடையதோ மேசை லாச்சிக்குள் கிடக்குமானால், எத்தனை பயிற்சி வகுப்புகள் நடத்தினாலும் பயனில்லை. தீ விபத்தின்போது எவரும் சிக்கிக்கொள்ளாதபடி, உள்ளிருப்பவர்கள் திறப்பில்லாமலே திறக்கக்கூடிய பூட்டாகவும் அது இருக்க வேண்டும்.

பூட்டிய கதவை உடையை நம்பித் திறக்கக் கூடாது. 2017 மார்ச்சில் காபூல் இராணுவ வைத்தியசாலையைத் தாக்கியவர்கள் மருத்துவர்களின் வெள்ளை அங்கியில் வந்தார்கள். 2025 பெப்ரவரியில் கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள் சுட்டவர் சட்டத்தரணி உடையில் இருந்தார். வெளியே நிற்பவர் பொலிஸார் என்று சொன்னாலும், நிர்வாகத்திடம் தொலைபேசியில் உறுதிசெய்த பின்பே திறக்க வேண்டும்.

ஆயுததாரி நுழைந்ததை ஒலிபெருக்கியில் அறிவிக்க அமெரிக்க வைத்தியசாலைகள் பல 'கோட் சில்வர்' என்ற குறிச்சொல்லைப் பயன்படுத்துகின்றன. நமக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே விடுதியில் இருக்கும் திருகோணமலையில், ஆயுததாரி எந்த மாடியில், எந்த விடுதியருகே நிற்கிறார் என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளிப்படையாகச் சொல்வதே பார்வையாளருக்கும் விளங்கும். 119க்கு அழைப்பவரும் இதே விபரங்களையே முதலில் சொல்ல வேண்டும்.

ஒத்திகையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முன்னறிவித்தல் இன்றி வெற்றுவேட்டு வெடித்து நடத்தும் ஒத்திகைகளை நான் ஏற்கமாட்டேன். 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் நோயாளிகளும் ஊழியர்களும் சுட்டுக்கொல்லப்பட்டதை மறக்காத தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. போரின் சத்தம் காதில் தங்கிவிட்டவர்களுக்கு அது பயிற்சியாகாது. நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே அறிவித்து, முதலில் மேசையைச் சுற்றி அமர்ந்து பேசி, பின்னர் விடுதி விடுதியாக நடந்து பார்க்கலாம். அதில் மருத்துவர்களும் தாதியரும் மாத்திரமல்லாமல், வாயிலில் முதலில் எதிர்ப்படும் பாதுகாப்பு ஊழியர்களும், நோயாளிகளின் கட்டில்களை நகர்த்தும் சிற்றூழியர்களும் கட்டாயம் இருக்க வேண்டும். ஆட்கள் குறைவாக இருக்கும் இரவுக் கடமைக்கென ஒருமுறை தனியாகவும் நடத்தும்படி பணிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.