கடல்நீரில் நைட்ரேட்டை எலெக்ட்ரோடு வைத்து நேரடியாக அளக்க முடியுமா?

"எலெக்ட்ரோடை முக்கினால் அளவு தெரிந்துவிடாதா, எதற்கு நிறம் வரவைக்கும் கரைசல்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நைட்ரேட் எலெக்ட்ரோடு (நைட்ரேட் அளவுக்கேற்ப மில்லிவோல்ட்டில் மின்னழுத்தம் காட்டும் முனை) ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்று ஊகிக்கிறேன். நானும் அப்படித்தான் மாட்டினேன்.

எண் வரும், அதுதான் வம்பே. முதுகலை ஆய்வில் மூன்று வாரம் அளந்தேன். எல்லா மாதிரிக்கும் ஏறக்குறைய ஒரே மில்லிவோல்ட். கடைசியில் மொத்தமாக நைட்ரேட் அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன் (திட்டாதீர்கள், வயது அப்படி). ஒருநாள் நைட்ரேட்டே சேர்க்காத செயற்கைக் கடல்நீரில் முக்கினேன். அதே எண்!

நான் அளந்தது அத்தனையும் குளோரைடு. கடல்நீரில் அது லிட்டருக்குச் சுமார் 0.55 மோல்; நைட்ரேட்டோ மேல்மட்டத்தில் பல இடங்களில் ஒரு மைக்ரோமோல்கூடத் தேறாது. எலெக்ட்ரோடின் சவ்வு, நைட்ரேட்டைக் கண்டுகொள்வதில் இருநூறில் ஒரு பங்குதான் குளோரைடைக் கண்டுகொள்கிறது என்று வைத்தாலும், 2,750 மைக்ரோமோல் நைட்ரேட் இருப்பதுபோல் காட்டும். 'செயற்கைக் கடல்நீரிலேயே ஸ்டாண்டர்டு (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) போடலாமே' என்று ஒருவர் வருவார். போடலாம். ஆனால் அதன்மேல் 10 மைக்ரோமோல் நைட்ரேட் கூடினால் 0.1 மில்லிவோல்ட்கூட நகராது. கரைசலே வேண்டாமென்றால் நைட்ரேட்டுக்குப் புறஊதா ஒளியில் அளக்கும் கருவி இருக்கிறது.

மின்வேதியியலே ஆகாது என்று நான் சொல்லவில்லை. சிலிக்கேட்டுக்கு அருமையாக வேலை செய்யும். சிலிக்கேட் தானாக எலெக்ட்ரான் வாங்காது; அமிலத்தில் மாலிப்டேட்டோடு (மாலிப்டினமும் ஆக்சிஜனும் சேர்ந்த அயனி) சேர்ந்தால்தான் வாங்கும். மாலிப்டினம் உலோகத்தை நேர்முனையாக்கி மின்னோட்டம் விட்டால் அது கரைந்து மாலிப்டேட், அமிலம் இரண்டும் அங்கேயே கிடைக்கும். வெளியிலிருந்து எதையும் ஊற்ற வேண்டாம். எதிர்முனையை மட்டும் சவ்வு போட்டுப் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கே அமிலம் செலவாகிவிடும். சிலிக்கேட்டும் மாலிப்டேட்டும் சேர்ந்து உண்டாகும் சேர்மத்தைத் தங்க எலெக்ட்ரோடில் ஒடுக்கினால், அதாவது எலெக்ட்ரான் வாங்கவைத்தால், வரும் மின்னோட்டமே அளவு. பாஸ்பேட்டுக்கும் இதே வழிதான். சிலிக்கேட் குறுக்கே வராமலிருக்க அமிலம் இன்னும் தூக்கலாக வேண்டும்.

மாதிரியைப் பிளாஸ்டிக் பாட்டிலில் வையுங்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒருவர் பிளாஸ்டிக் பாட்டில் தட்டுப்பாடு என்று என் மாதிரிகளை என்னிடம் சொல்லாமல் கண்ணாடிக்கு மாற்றிவிட்டார். கண்ணாடியிலிருந்து சிலிக்கேட் கசியும். ஏறிக் கிடந்த எண்களுக்குப் பதில் சொன்னது நான். அவர் பெயர் கட்டுரையில் என் பெயருக்கு முன்னால் வந்தது.