சிப்பாய் வேடத்துக்குத் துப்பாக்கி எதற்கு?

கேள்வி: இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்குச் சுதந்திர தின மாறுவேடப் போட்டியில் ‘1806 வேலூர்ச் சிப்பாய்’ வேடம் கொடுத்திருக்கிறார்கள். வாடகைக் கடையில் சிவப்புக் கோட்டு, கறுப்புக் கால்சட்டை, பளபளப்பான தொப்பி எடுத்தோம். போட்டுப் பார்த்தால் கல்யாண பேண்டு வாத்தியக்காரர் போல இருக்கிறான். வாள், துப்பாக்கி, பெல்ட், பதக்கம் எல்லாம் சேர்த்து எடுத்தால்தான் நிறைவாக இருக்கும் என்கிறார் கடைக்காரர். எடுக்கலாமா? மகன் பார்வைக் கண்ணாடி அணிபவன். அன்று மட்டும் அதைக் கழற்றிவிடலாமா? - ஒரு தாய், காட்பாடி.

பதில்: அம்மா, வாளையும் துப்பாக்கியையும் பிறகு பார்ப்போம். முதலில் அந்தத் தொப்பியை உங்கள் மகன் தலையிலிருந்து எடுத்துவிடுங்கள். வேலூர்க் கோட்டையில் நடந்த சண்டைக்குத் தொப்பிதான் முக்கியக் காரணம்.

1805 நவம்பரில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைத் தலைமைத் தளபதி ஜான் கிராடக் காலத்தில் ஓர் உத்தரவு வந்தது. சீருடையில் இருக்கும்போது நெற்றியில் திருநீறு, நாமம் கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடியை மழித்துவிட வேண்டும். பழைய தலைப்பாகைக்குப் பதிலாக, தோலால் செய்த சின்னம் குத்திய, தொப்பி போன்ற புதுத் தலைப்பாகை அணிய வேண்டும். தோல் என்றதும், பசுவினுடையதோ பன்றியினுடையதோ என்று இந்துச் சிப்பாய்க்கும் முஸ்லிம் சிப்பாய்க்கும் ஒரே நேரத்தில் மனம் பதறியது. மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. 1806 ஜூலை 10 விடிவதற்கு முன் கோட்டைக்குள் கிளர்ச்சி வெடித்தது. ஆற்காட்டிலிருந்து ஆங்கில அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றே அதை அடக்கிவிட்டார். பிற்பாடு அந்தத் தலைப்பாகை உத்தரவையே திரும்பப் பெற்றார்கள்.

அப்படியிருக்க, தொப்பி போட்டு மேடையேறும் பையன் யார்? உத்தரவுக்குப் பணிந்த சிப்பாய். போராடியவனாக அவன் தெரிய வேண்டுமானால் பழைய தலைப்பாகை வேண்டும், நெற்றிக்குறி வேண்டும், காதில் கடுக்கன் வேண்டும். மூன்றும் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன.

வட ஆற்காட்டுப் பக்கம் கூத்து பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கட்டைக்கூத்துக்கு அந்தப் பெயரே தலையிலும் தோளிலும் மார்பிலும் கட்டும் மரக்கட்டை அணிகளால் வந்தது. முகத்தில் அரிதாரம் பூசிய பிறகும் ஆள் அதே ஆள்தான். தலையில் கிரீடம் ஏறிய பிறகுதான் துரியோதனன். மாறுவேடத்திலும் பாதி வேலையைத் தலை முடித்துவிடும்.

தலைப்பாகைக்குப் பழைய பருத்திப் புடவையில் இரண்டு மீட்டர் கிழித்துக்கொள்ளுங்கள். சிந்தடிக் துணி வழுக்கும், தொடாதீர்கள். பையன் தலைக்குச் சரியான பழைய துணித் தொப்பி ஒன்றை எடுத்து, விளிம்பை வெட்டிவிட்டு, அதன்மேல் துணியைத் தளர்வாக முறுக்கிச் சுற்றி, நான்கு இடங்களில் ஊசிநூலால் தைத்துவிடுங்கள். தலையில் நேரடியாகக் கட்டினால் வரிசையில் நிற்கும்போதே அவிழ்ந்து தோளில் விழும். பிறகு அதைப் பிடித்துக்கொண்டேதான் குழந்தை பேசும். குண்டூசி வேண்டவே வேண்டாம்.

நெற்றிக்கு நாமக்கட்டியையோ திருநீற்றையோ தண்ணீரில் குழைத்து இடுங்கள். உலர்ந்ததும் வெள்ளை எடுப்பாகத் தெரியும். குழைக்காமல் பூசிய திருநீறு வேலூர் வெயிலில் அரைமணி நேரம்கூட நிற்காது. கடுக்கனுக்குக் காது குத்தியிருக்க வேண்டும் என்பதில்லை. பொன்னிறமாகப் பளபளக்கும் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றைக் காது மடலில் ஒட்டினால் பத்தடி தூரத்தில் கடுக்கனாகவே தெரியும்.

சிவப்புக் கோட்டு இருக்கட்டும், அது சரியானதுதான். கறுப்புக் கால்சட்டையைத் திருப்பிக் கொடுங்கள். அக்காலச் சென்னைப் படைச் சிப்பாய்களை வரைந்த ஓவியங்களில் வெள்ளை அரைக்கால்சட்டையும் செருப்பும்தான் இருக்கின்றன. பள்ளி விளையாட்டுச் சீருடையின் வெள்ளைக் கால்சட்டை போதும். நல்ல வேளை, காக்கி எடுக்கவில்லை நீங்கள். ஆண்டுதோறும் இதே சிப்பாய்க்குக் காக்கி போட்டு அனுப்புகிறார்கள். இந்தியாவில் ஆங்கிலப் படைக்குக் காக்கி வந்ததே 1840-களில்தான்.

அந்தத் தொப்பியைத் தலையிலிருந்து எடுக்கச் சொன்னேன், திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. அது பையன் கையில் இருக்கட்டும். வீட்டில் கிடக்கும் பழைய பர்ஸிலிருந்தோ அறுந்த செருப்பிலிருந்தோ உள்ளங்கை அகலத்தில் ஒரு தோல் துண்டை வட்டமாக வெட்டி அதன் முன்பக்கம் கட்டுங்கள். வாடகைத் தொப்பி என்பதால் ஒட்டாமல் நூலால் கட்டுங்கள். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் பக்கத்தில் இருக்கும் நமக்குத் தோல் துண்டுக்கா பஞ்சம்? பையன் தொப்பியை இரண்டு கையாலும் நீட்டிக் காட்டி, “இதை நான் போட மாட்டேன்” என்று சொல்லிக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நிற்கட்டும். பள்ளியில் எழுதிக் கொடுத்த ஒரு பக்க வசனத்தை அவன் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஏழு வயதுக் குழந்தைக்கு எதற்கு ஒரு பக்கம்?

வாள், பதக்கம் எதுவும் வேண்டாம். அன்றைய சிப்பாயின் துப்பாக்கி உங்கள் மகனைவிட உயரமாக இருக்கும். கடைக்காரர் தருவது முழ நீளப் பிளாஸ்டிக் பொம்மை. வரிசையில் அடுத்த குழந்தையின் கண்ணில் படும் பொருள் அது.

‘ஃபுல் செட்’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. சுற்றறிக்கை வியாழக்கிழமை வரும், போட்டி திங்கட்கிழமை நடக்கும். அந்த நான்கு நாளை நம்பி ஒரு கூட்டமே பிழைக்கிறது. பள்ளி வாசலில் அட்டை நீட்டுபவர் கடை முதலாளி இல்லை. இடையில் கமிஷன் வாங்குபவர். போனில் ஓர் உடையின் படத்தைக் காட்டி, அன்று காலை ஏழு மணிக்கு வேறொன்றைக் கொண்டுவந்து கொடுப்பார். மாற்ற உங்களுக்கு நேரம் இருக்காது. முன்பணத்துக்கு ரசீது தரமாட்டார். திருப்பும்போது ‘கொக்கி ஒன்று இல்லை, சரிகை பிரிந்திருக்கிறது’ என்று அதில் பாதியைப் பிடித்துக்கொள்வார். ஆகவே கடைக்கு நேரில் போங்கள். வாங்கும்போதே உடையை மேசையில் விரித்து, பொத்தான்களை எண்ணி, கிழிசலைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரசீது தராத கடையில் எடுக்காதீர்கள்.

பள்ளிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பத்து நாள் முன்னால் சொன்னால் என்ன குறைந்துவிடும்? போட்டி விதியில் ‘செலவுக்கு மதிப்பெண் இல்லை’ என்று ஒரு வரி எழுதினால் என்ன? நடுவராகப் பல முறை உட்கார்ந்திருக்கிறேன். சரிகைக்கு மதிப்பெண் போடச் சொல்லி மறைமுகமாகக் கேட்டவர்களும் உண்டு.

மீசைக்குப் பசை வைத்து ஒட்டும் முடி வாங்க வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்குக் கடையில் கொடுத்த பசையால் மேலுதடு முழுவதும் கொப்புளித்துவிட்டது, ஒரு வாரம் சாப்பிடவே சிரமப்பட்டான். புருவப் பென்சிலால் இரண்டு கீற்று போதும். வீட்டுக்கு வந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும்.

இனி கண்ணாடி. இவ்வளவு நேரம் சரித்திரப்படி இருக்க வேண்டும் என்று உங்களை வாட்டிய நான் இதில் மட்டும் சரித்திரத்தைத் தள்ளி வைக்கிறேன். கண்ணாடியைக் கழற்றாதீர்கள். 1806-இல் சிப்பாய் கண்ணாடி போட்டானா என்று எந்த நடுவர் கேட்டாலும் கேட்கட்டும். கண்ணாடி இல்லாமல் மேடைப் படிக்கட்டின் விளிம்பு அவனுக்குத் தெரியாது. கூட்டத்தில் உங்கள் முகம் தெரியாது. பழகிய கண்ணாடி இல்லாத குழந்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி நிற்கும். அதைப் பார்த்துப் பயந்துவிட்டான் என்று சொல்வார்கள். ஒரு முறை ஒரு சிறுமி இப்படித்தான் மைக்குக்குப் பதிலாக மைக் ஸ்டாண்டின் நிழலைப் பார்த்துப் பேசிவிட்டு இறங்கினாள். காந்தி வேடத்துக்குக் கண்ணாடி இல்லாத குழந்தைக்கு வெறும் சட்டம் மாட்டுகிறோமே, கண்ணாடி தேவைப்படும் குழந்தையிடமிருந்து அதைப் பிடுங்க யாருக்கு மனம் வரும்? தலைப்பாகையைத் தைக்கும்போது மட்டும், கண்ணாடியின் காது வளைவு உள்ளே அழுந்தாதபடி காதுக்குமேல் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். கண்ணாடியைப் போட்டபடியே தலைப்பாகையை மாட்டி, குனிந்து தொப்பியைக் கீழே வைத்து நிமிரச் சொல்லுங்கள். நழுவினால் பின்பக்கம் ஒரு தையல் கூடப் போடுங்கள்.