கண் வறட்சிக்கு ஒத்தடமா, லைட்டா? கடற்கரைக்காரங்க கேட்ட கேள்விகளுக்கு பதில்

வணக்கம். நான் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது கண் பரிசோதனை பண்றவன், சொந்த ஊர் மண்டபம் பக்கம், வேலை மதுரைல. ட்ரை ஐ-க்கு லைட் அடிக்கிறாங்களாமே, சூடு வைக்கிறாங்களாமே, நமக்கு எது சரிப்படும்னு நம்ம பக்கத்துலேர்ந்து நிறைய பேர் கேட்டிருந்தீங்க. எனக்கு வந்த வரிசைலயே சொல்லிட்டு வர்றேன்.

பாம்பன், விசைப்படகு ஓட்டுற அண்ணன்: எனக்கு எந்நேரமும் கண்ணுல தண்ணி ஊத்துது, கச்சான் காத்து அடிச்சா கேக்கவே வேணாம். டாக்டர் ட்ரை ஐ-ங்கறார். தண்ணி ஊத்துற கண்ணு எப்படி தம்பி வறண்ட கண்ணாகும்?

அண்ணே, இந்தக் கேள்விதான் ரொம்பப் பேருக்கு இருக்கு. கண்ணீர்னா வெறும் தண்ணி இல்ல, அதுக்கு மேல மெல்லிசா ஒரு எண்ணெய்ப் படலம் இருக்கணும், அப்பத்தான் காத்துல ஆவியாகாது. அந்த எண்ணெய சுரக்குறது இமை விளிம்புல வரிசையா இருக்குற மைபோமியன் சுரப்பிங்க, மேல் இமைல 25லேர்ந்து 40 வரைக்கும், கீழ 20லேர்ந்து 30 வரைக்கும் இருக்கும், 1666ல ஹைன்ரிக் மைபோம்னு ஒரு ஜெர்மன் டாக்டர் விவரமா எழுதி வச்சதால அவர் பேரு. எண்ணெய் கெட்டிப்பட்டு சுரப்பியோட வாய் அடைச்சுக்கிச்சுன்னா படலம் நிக்காது, கண்ணு எரியும், எரிச்சலுக்கு உடம்பு தண்ணிய மொத்தமா திறந்து விடும், அந்தத் தண்ணி கண்ணுல தங்காம கன்னத்துல வழிஞ்சு போயிரும், கண்ணு பழையபடி காஞ்சுரும்.

நல்லா இருக்குற இமைய விரலால லேசா அமுக்கினா தெளிஞ்ச நல்லெண்ணெய் மாதிரி பொட்டுப் பொட்டா வரும். அடைச்ச இமைல டூத்பேஸ்ட்ட பிதுக்குன மாதிரி வெள்ளையா, கெட்டியா நெளிஞ்சு வரும், இன்னும் முத்திப்போன கண்ணுல எவ்வளவு அமுக்கினாலும் ஒண்ணுமே வராது. பேஸ்ட் மாதிரி வர்ற கட்டத்துலயே வந்துருங்கண்ணே, சுரப்பி சுருங்கி அழிஞ்சு போச்சுன்னா சூடோ லைட்டோ அத திரும்ப முளைக்க வைக்காது.

மண்டபம், கடல்பாசி எடுக்குற அக்கா: சுடுதுணி ஒத்தடம் குடுக்கச் சொன்னாங்க, ரெண்டு வாரம் குடுத்தேன், ஒண்ணும் கேக்கல. மெஷின் வைத்தியத்துக்குப் போயிரவா?

அக்கா, போறதுக்கு முன்னாடி ஒத்தடத்த சரியா குடுத்துப் பாருங்க. மார்கழில உறைஞ்ச தேங்காண்ணெய வெயில்ல வச்சு உருக்குறோம்ல, அதே கதைதான். அடைச்ச எண்ணெய் இளகணும்னா இமைக்கு மேல 40லேர்ந்து 45 டிகிரி வரைக்கும் சூடு விடாம நிக்கணும், அதுவும் அஞ்சுலேர்ந்து பத்து நிமிஷம். ஒரே துணிய நனைச்சு வச்சா ரெண்டே நிமிஷத்துல ஆறிப்போகுது, அதுக்கப்புறம் நீங்க வச்சிருக்குறது வெறும் ஈரத்துணி.

நாலஞ்சு சின்னத் துணிய நனைச்சுப் பிழிஞ்சு, ஒண்ணு மேல ஒண்ணா சுருட்டி சூடான ஹாட்பாக்ஸ்ல போட்டு மூடி வச்சுக்கங்க. ஒண்ண எடுத்து மணிக்கட்டோட உள்பக்கம் வச்சுப் பாத்துட்டு, பொறுக்குற சூடா இருந்தா மூடுன கண்ணு மேல வைங்க, ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா அடுத்த துணிக்கு மாத்துங்க. கண்ணு முழிய அமுக்கக் கூடாது, தேய்க்கவும் கூடாது. முடிஞ்ச கையோட மேல் இமைய மேலேர்ந்து கீழயும், கீழ் இமைய கீழேர்ந்து மேலயும் முடி விளிம்ப நோக்கி லேசா நீவி விடுங்க. ஒரு நாளைக்கு ரெண்டு தடவ, ஒரு மாசமாவது. வறுத்த உப்ப முடிஞ்சு ஒத்தடம் குடுக்குறது முட்டிக்கு சரி, கண்ணுக்கு வேணாம். எங்கம்மாவுக்கு நானே ஒருக்கா சோதிச்சுப் பாக்காம சூடா வச்சுட்டேன், இமைத் தோல் செவந்து ரெண்டு நாள் உரிஞ்சுது, இன்னைக்கும் மனசு கேக்கல. அதான் மணிக்கட்டுல பாக்காம வைக்காதீங்கன்னு இவ்வளவு சொல்றேன்.

கீழக்கரை லாத்தா ஒருத்தங்க: தம்பி துபாய்ல இருக்கான், அங்க ஐபிஎல் லைட் வச்சு கண்ணு நல்லாயிருச்சாம். எனக்கும் செஞ்சுக்கலாமா?

லாத்தா, இதுக்குக் கொஞ்சம் நீளமா சொல்லணும். இன்டென்ஸ் பல்ஸ்டு லைட்னு பேரு, லேசர் கிடையாது. முதல்ல தோல் டாக்டருங்க முகச் சிவப்புக்கு வச்ச மெஷின்தான், அத வச்சுக்கிட்டவங்களுக்கு கண்ணு எரிச்சலும் குறையுதுன்னு 2000க்கு அப்புறம் ரோலாண்டோ டோயோஸ்ங்கற அமெரிக்க டாக்டர் கவனிச்சார், அங்கேர்ந்து கண்ணுக்கு வந்துச்சு. 2021ல ஆப்டிலைட்ங்கற மெஷினுக்கு அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி குடுத்துச்சு. கண்ணுக்குள்ள லைட் அடிக்கிறதில்ல, கண்ண ஷீல்டு போட்டு மூடிட்டு கீழ் இமைக்குக் கீழ ஒரு காதுலேர்ந்து இன்னொரு காது வரைக்கும் ஜெல் தடவி பளிச் பளிச்னு அடிப்பாங்க. இமைய சுத்தி வீங்கி நிக்கிற ரத்தக்குழாய் லைட்ட உறிஞ்சி அடைஞ்சு அழற்சி குறையும், எண்ணெயும் இளகும், அப்புறம் டாக்டர் இமைய அமுக்கி எடுப்பார். ரெண்டுலேர்ந்து நாலு வாரத்துக்கு ஒருக்கா, மூணு நாலு சிட்டிங். பலன் மாசக்கணக்குல நிக்கும், நிரந்தரம் கிடையாது.

ஆனா அந்த லைட்ட ரத்தம் மட்டும் உறிஞ்சல, தோல்ல இருக்குற கருமை நிறமியும் உறிஞ்சும். தோல் எவ்வளவு கருப்போ அவ்வளவுக்கு சூடு தோல்லயே தங்கி கொப்பளிக்கலாம், ஆறுன இடத்துல வெள்ளையாவோ கருப்பாவோ தழும்பு நிக்கலாம். ஃபிட்ஸ்பாட்ரிக்னு ஒரு அளவு இருக்கு, தோல 1 ரொம்ப வெளுப்பு, 6 ரொம்ப கருப்புன்னு ஆறு வகையா பிரிக்குது, ஆப்டிலைட்டுக்குக் குடுத்த அனுமதி 1லேர்ந்து 4 வரைக்கும்தான். நம்ம பக்கம் நிறைய பேர் 5ல நிப்போம், சில பேர் 6 வரைக்கும் போவோம். உங்க தம்பி ஏசி ரூம்ல இருக்குறவர், அவர் தோலும் உங்க தோலும் ஒண்ணுன்னு எடுத்துக்காதீங்க. "என் தோல் எந்த வகை டாக்டர், இந்த மெஷின் அதுக்கு ஆகுமா"ன்னு வாய்விட்டுக் கேளுங்க. கர்ப்பமா இருந்தா, லூபஸ்ங்கற எதிர்ப்புசக்தி கோளாறு இருந்தா, டாக்ஸிசைக்ளின் மாதிரி வெயில் ஒத்துக்காத மாத்திரை ஓடிக்கிட்டிருந்தா அதையும் முன்னாடியே சொல்லிருங்க. டாக்ஸிசைக்ளின் இந்த இமை அடைப்புக்கே எழுதுற மாத்திரை, அதனால இத மறந்துராதீங்க.

தேவிபட்டினம் தம்பி: லைட் ஆகாதுன்னா எங்கள மாதிரி ஆளுக்கு வேற மெஷினே இல்லையாண்ணே?

இருக்கு தம்பி, சூட்டு மெஷினுக்கு தோல் நிறம் ஒரு பிரச்சினையே இல்ல. லிப்பிஃப்ளோன்னு ஒண்ணு, 2011ல அமெரிக்காவுல அனுமதி வாங்குனது, கண்ண மரத்துப்போக வச்சு இமைக்கு உள்பக்கம் ஒரு கிண்ணம் மாதிரி மாட்டுவாங்க, உள்ளேர்ந்து 42 டிகிரி சொச்சம் சூடு, வெளியேர்ந்து அமுக்கி அமுக்கி விடும், 12 நிமிஷத்துல முடிஞ்சுரும். நம்ம ஒத்தடத்துல சூடு வெளித்தோல்லேர்ந்து உள்ள போகணும், இதுல சுரப்பிக்குப் பக்கத்துலயே சூடு. செலவு கூட, எல்லா ஊர்லயும் கிடையாது.

தொண்டி, பேர் வேணாம்னாங்க: ஆன்லைன்ல சிவப்பு லைட் மாஸ்க் விக்கிறாங்களே, வாங்கலாமா?

கண் கிளினிக்குல வைக்கிற சிவப்பு எல்இடி மாஸ்க் வேற, 633 நானோமீட்டர் பக்கம் அலைநீளம், கண்ண மூடிக்கிட்டு 15 நிமிஷம் படுத்திருக்கணும், பளிச்னு அடிக்காது, கருப்புத் தோலுக்கும் ஆகும். ஆனா ஆன்லைன்ல முகம் பளபளக்க விக்கிறது கண்ணுக்குன்னு சோதிச்ச சாமான் இல்ல. வேணாங்க.

வாலிநோக்கம், உப்பளத்துல வேலை பாக்குற பெரியவர்: கண்ணு ஓரத்துல சதை வளந்திருக்கு, சூடு வச்சா கரையுமா?

கரையாதுங்கய்யா. அது வெயிலும் காத்தும் வருஷக்கணக்கா பட்டு வர்றது. தொப்பியும் பக்கம் மூடுன கருப்புக் கண்ணாடியும் போடுங்க, கருவிழி மேல ஏறிக்கிட்டே வந்தா ஆபரேஷன்தான்.

சாயல்குடி, கரிமூட்டம் போடுற அண்ணன்: புகைல நின்னா எரியுது, சொட்டு மருந்து ஒரு நாளைக்கு எட்டு தடவ விடுறேன்.

எட்டு தடவ விடுறீங்கன்னா பிரிசர்வேட்டிவ், அதாவது கெடாம இருக்க கலக்குற மருந்து, இல்லாத சொட்டு மருந்து கேட்டு வாங்குங்க, பென்சால்கோனியம்ங்கற பிரிசர்வேட்டிவ் கலந்தத அவ்வளவு தடவ விட்டா அதுவே கண்ண அரிக்கும். மூட்டத்துக்கு காத்து வர்ற பக்கமா நின்னு வேலை பாருங்கண்ணே.

தங்கச்சிமடம், அம்மாவுக்காகக் கேட்ட தங்கச்சி: அம்மாவுக்கு கண்ணும் காயுது, வாயும் காயுது, சோறு தண்ணி இல்லாம இறங்கல, மூட்டு வலியும் இருக்கு.

தங்கச்சி, ஒத்தடத்தோட நின்னுராதம்மா, இது ஜோக்ரன் வியாதியா இருக்கலாம், கண்ணீர் சுரப்பியே அடிவாங்குறது. கண்ணோரம் பேப்பர் வச்சு அஞ்சு நிமிஷம் பாக்குற ஷர்மர் டெஸ்ட்டும், ரத்த டெஸ்ட்டும் எடுக்கச் சொல்லு, வாதநோய் டாக்டர பாக்கணும். அம்மாவ இந்த வாரமே கூட்டிட்டுப் போ.

திரும்பவும் பாம்பன் அண்ணன்: என் தோல் 4னு சொல்லி டாக்டர் லைட் வைக்கலாம்னுட்டார். கடலுக்குப் போயிக்கிட்டே செஞ்சுக்கலாமா?

வேணாம்ணே. வெயில்ல கருத்த தோல்ல அந்த லைட் படக் கூடாது. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், 61 நாள் படகு கரைலதான நிக்கும், அப்ப வைங்க. முதல் மூணு வாரம் முகத்துல வெயில் படாம பாத்துக்கிட்டு, அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒண்ணா மூணு சிட்டிங் முடிச்சிரலாம். வலை பின்னுறதெல்லாம் நிழல்ல வச்சுக்கங்க. அது வரைக்கும் துணி ஒத்தடம் காலைல ஒருக்கா, ராத்திரி ஒருக்கா.