உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் மகனுக்கு முதல் பெஞ்சு மட்டும் போதுமா?

கேள்வி: கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறோம். என் மகனுக்குப் பிறவியிலேயே தோலிலும் முடியிலும் நிறமி குறைவு. கண்மணி ஆடிக்கொண்டே இருக்கும், வெயிலில் கூசும். கண்ணாடி போட்டும் பார்வை 6/36தான். தமிழ் வழியில் ஏழாம் வகுப்பு முடித்து, ஜூனில் வேறு பள்ளியில் எட்டாம் வகுப்பு சேர்கிறான். முதல் பெஞ்சில் உட்கார வைப்பதாகச் சொல்கிறார்கள். போதுமா?

பதில்: போதாது. மற்றவர்கள் 36 மீட்டர் தொலைவிலிருந்து படிக்கும் எழுத்தை உங்கள் மகன் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடியும் என்பதே அந்த அளவின் பொருள். ஆகவே முன்னால் அமர்வது உதவும்தான். ஆனால் நிறமி குறைந்த கண்ணைத் தொலைவைப் போலவே வெளிச்சமும் வாட்டும் என்பதால், சன்னலைப் பார்த்த முதல் பெஞ்சைவிட, சன்னலுக்கு முதுகு காட்டிய இரண்டாம் பெஞ்சு மேலாக இருக்கக்கூடும். ஏதாவது ஒரு பக்கமாகப் பார்க்கும்போது கண்ணாட்டம் அடங்கிப் பார்வை தெளிவதால், இக்குழந்தைகளில் பலர் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். முகத்தை இடப்பக்கம் திருப்பிப் பார்க்கிறவனானால், கரும்பலகை அவனுக்கு வலப்பக்கம் அமையும் வகுப்பின் இடப்பக்க இருக்கையே கழுத்துக்கு இதமானது. இது தெரியாத ஆசிரியர் "நேராகப் பார்" என்று அதட்டக்கூடும்.

புதிய பள்ளியில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வருவார். எல்லாருக்கும் நீங்கள் போய்ச் சொல்லிக்கொண்டிருக்க இயலாது. அவனுக்கு எந்த அளவு எழுத்து தெரியும், எந்த வெளிச்சம் கூசும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். "சார், எழுதும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்" என்று அவனே கேட்க வீட்டில் பழக்குங்கள். என் அனுபவத்தில் கடிதத்தைவிட இதுவே பலன் தருகிறது. மே மாத இறுதியில் ஒரு நாள் பள்ளிக்கு அழைத்துப் போய், படிக்கட்டு, கழிப்பறை, ஆய்வகம் ஆகியவற்றை அவன் வேகத்தில் நடந்து பார்க்க விடுங்கள். படி விளிம்புகளில் மஞ்சள் பெயின்ட் அடிக்கச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கென உள்ள சிறப்பாசிரியரைப் பள்ளி வழியாகக் கேட்டுப் பெறலாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லையென்றால் இப்போதே விண்ணப்பியுங்கள். பத்தாம் வகுப்பு வரை காத்திருந்தால் தேர்வு நேரத்தில் அலைய நேரும். கூடுதல் நேரம், எழுதித் தருபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாட விலக்கு ஆகியவற்றுக்கு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இடம் தருகிறது. மொழி விலக்கை மட்டும் அவசரப்பட்டு வாங்காதீர்கள்: மலையாளம் படித்து வருகிறானென்றால் தொடரட்டும், அவன் ஏறப்போகும் பேருந்தின் பலகை அந்த எழுத்தில்தான் இருக்கிறது.